நாற்பது மூட்டை மல்லியும் என் கையெழுத்தும்

போன மாதம் ஜெபா போன் செய்தாள். கோவில்பட்டி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"மேடம், இனிமே சர்டிபிகேட்டுல மையால கையெழுத்துப் போட வேண்டாமாம். கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரு தட்டு தட்டுனா கடல் தாண்டி அந்தக் கரைக்குப் போயிருமாம். புதுசா நாலு பேரு வந்துருக்காவ. அவியளுக்கு உங்க மல்லி கேஸைச் சொல்லணும். நான் சொன்னா பாதி விட்டுப்போயிரும். நீங்களே எழுதித் தாங்களேன்" என்றாள்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்றும் கடையில் மல்லி அளந்து போடும்போது குனிந்து, உருண்டையா நீளமா என்று பார்க்கிறேன். "என்னக்கா தேடுதீங்க, கல்லு கிடக்கா?" என்று கடைக்காரர் கேட்கிறார். அவருக்கு என்னவென்று சொல்வது? பேசாமல் பையை நீட்டிவிடுவேன்.

சரி, எழுதுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு கோமதி மேடம் பெரிய தைரியசாலி என்று யாரும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். எனக்கு அப்படிச் சொன்னால் எரிச்சல் வரும். முப்பது வருடமும் பயந்து பயந்துதான் வேலை பார்த்தேன்.

எங்கள் அலுவலகம் என்ன செய்கிறது என்று கோவில்பட்டியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டிடத்தின் மாடி. கீழே பேட்டரிக் கடை. தீப்பெட்டி ஆலைக்காரர்கள், கடலைமிட்டாய் ஏற்றுமதி செய்பவர்கள், வத்தல், மல்லி வியாபாரிகள் மட்டும் படியேறி வருவார்கள். பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன. உன் நாட்டில் விளைந்ததற்கும் செய்ததற்கும் என் துறைமுகத்தில் தீர்வையைக் குறைக்கிறேன், என்னுடையதற்கு நீயும் குறை என்பதுதான் அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எங்கேயோ இருக்கிற மூன்றாம் நாட்டுச் சரக்கு நம் நாட்டுக்குள் வந்து, சாக்கு மாற்றி, நம் சரக்கு என்ற பேரில் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டால்? அதைத் தடுக்கத்தான் பிறப்பிடச் சான்றிதழ் என்று ஒரு காகிதம். இந்தப் பொருள் இந்த மண்ணில் பிறந்தது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் எங்கள் வட்டாரத்துக்கு நான்.

நாடுகள் ஒன்று சேர்கின்றன என்றால் தலைவர்கள் கைகுலுக்கும் படம்தான் என்று நானும் நினைத்திருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் அது இந்த மாதிரிக் காகிதங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் ஒருத்தி எழுதிக் கொடுத்ததை, அவளைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் கொழும்பில் நம்பிக் கதவைத் திறந்துவிட வேண்டும். நம்ப முடியாவிட்டால் கூட்டுக் குழு என்று ஒன்று உண்டு. இரண்டு நாட்டு அதிகாரிகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே நம் அலுவலகத்தின் பேர் அடிபடக் கூடாது என்பதுதான் எங்கள் எல்லோருடைய பிரார்த்தனையும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் சில மாதம், கொச்சியில் சில வாரம். விதிகளை மனப்பாடம் செய்தேன், மறந்தேன், மறுபடியும் செய்தேன். எனக்கு நன்றாக நினைவிருப்பது மாதிரிக் கையெழுத்து அட்டைதான். கையெழுத்திடும் அதிகாரம் வந்த அன்று ஒரு தடித்த அட்டையில் மூன்று முறை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதன் நகல் உடன்படிக்கையில் உள்ள ஒவ்வொரு நாட்டின் சுங்கத் துறைக்கும் போய்விடும். சான்றிதழ் வரும்போது அட்டையை எடுத்து ஒத்துப் பார்ப்பார்கள். நான் ராமேஸ்வரத்தைத் தாண்டிப் போனதில்லை. என் கையெழுத்து எனக்கு முன்னால் கொழும்பு, டாக்கா, காத்மாண்டு எல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அட்டையின் நகலை மணிபர்ஸில் வைத்திருந்தேன். ஒவ்வொரு சான்றிதழுக்கும் எடுத்து, கடைசிச் சுழி சரியாக வளைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டில் காய் நறுக்கி விரலில் வெட்டுப்பட்டால், முதலில் வருவது வலி இல்லை, நாளைக்குக் கையெழுத்து ஒழுங்காக வருமா என்கிற கவலை.

எங்கள் மேலதிகாரி சேவியர் சார். தூத்துக்குடிக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. படிவத்தை முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அழித்து எழுதிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மேஜையில் வைத்து, ஓர் அடிக்கோலை முதல் கட்டத்துக்குக் கீழே வைப்பார். அந்தக் கட்டத்தை வாய்விட்டுப் படிப்பார். சரி என்றால் அடிக்கோல் ஒரு கட்டம் இறங்கும். பன்னிரண்டு கட்டமும் இறங்கி முடிவதற்குள் எதிரே நிற்பவருக்கு வேர்த்துவிடும். சந்தேகம் வந்தால் திட்ட மாட்டார். பேனாவுக்கு மூடியைப் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

"காயிதம் கடல் தாண்டுனா நீங்க கூடப் போயி விளக்கம் சொல்ல முடியாது கோமதி. அது தனியா நின்னு பதில் சொல்லணும்" என்பார். எனக்கு அது கண்டிப்பாகவும் பட்டது, ஆறுதலாகவும் பட்டது.

இனி மல்லிக்கு வருகிறேன். நான் பிறந்தது விளாத்திகுளம் பக்கம். கரிசல் மல்லியை எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம். வயலில் பிடுங்கி, காயவைத்து, அந்த மண்ணிலேயே அடித்துத் தூற்றுவதால் அதன் வரிகளுக்குள் கறுப்புத் தூசி ஏறியிருக்கும். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, ஒரு பிடி மல்லியை வைத்துக் கசக்கினால் துணி கறுத்துப்போகும். வெளிநாட்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து இறங்கும் மல்லி எந்திரத்தில் அறுத்துச் சுத்தம் செய்தது, துணியில் ஒன்றும் ஒட்டாது. இது எந்த விதியிலும் இல்லாத, நானே கண்டுபிடித்த சோதனை. கறுத்த கைக்குட்டையைக் காயவைத்து, உறையில் போட்டு, கோப்பிலேயே குத்தி வைப்பேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒரு வருடம் மாசி மாதம் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். மல்லி, வத்தல் மொத்த வியாபாரி. ஊரில் நல்ல பேர். கொழும்புக்கு இருநூற்று ஐம்பது மூட்டை மல்லி போகிறது என்று படிவத்தை நீட்டினார். முழுக்க முழுக்க இங்கேயே விளைந்தது, நாகலாபுரம் சுற்று வட்டாரம் என்று எழுதியிருந்தார். அவர் கிட்டங்கிக்குப் போய் நாலைந்து மூட்டையில் கை விட்டுப் பார்த்தேன். மல்லி கொஞ்சம் உருண்டையாகப் பட்டது. நம் ஊர் மல்லி நீளவாக்கில் இருக்கும். வெளிநாட்டு மல்லிதான் உருண்டை. மனசில் ஒரு உறுத்தல் வந்தது. கைக்குட்டையை நனைத்துக் கசக்கினேன். மை கொட்டியது போலக் கறுத்தது. உறுத்தல் போய்விட்டது.

சேவியர் சார் அடிக்கோலை எட்டாவது கட்டத்தில் நிறுத்தினார். மாதிரி மல்லியை உள்ளங்கையில் உருட்டினார்.

"உருண்டையா இருக்கே."

"மழை அப்படி சார் இந்த வருசம். கைக்குட்டை நல்லாக் கறுத்துருக்கு."

"காட்டைப் பாத்தீங்களா?" கரிசலில் புஞ்சை நிலத்தைக் காடு என்போம். விளைந்த நிலத்துக்குப் போய்ப் பார்த்தாயா என்று கேட்கிறார்.

"கைக்குட்டை கறுத்துருக்கு சார்" என்று மறுபடியும் அதையே சொன்னேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அடிக்கோலை அடுத்த கட்டத்துக்கு இறக்கினார். பேனா மூடியைப் போடவில்லை. அன்று அவர் தடுத்திருக்கலாமே என்று பல நாள் கோபம்கூடப் பட்டிருக்கிறேன். ஆனால் கேட்டாரே, அதற்கு மேல் என்ன செய்வார். கையெழுத்துப் போட்டது நான்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அந்தச் சான்றிதழில் கண்ட மல்லி உருவத்தில் மூன்றாம் நாட்டுச் சரக்கைப் போல இருக்கிறது, உண்மையான பிறப்பிடத்தைச் சரிபார்த்து இத்தனை நாளுக்குள் பதில் தரவும் என்று கொழும்புச் சுங்கத்திலிருந்து. பதில் திருப்தியாக இல்லாவிட்டால், எங்கள் அலுவலகத்துச் சான்றிதழ்களை இனி ஏற்பதா வேண்டாமா என்று கூட்டுக் குழுவில் கேட்கப்படும் என்று கடைசி வரி. சேவியர் சார் அடிக்கோலை வைத்து அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து திறந்து மூடினேன். என் கையெழுத்தை அவர்கள் நம்பவில்லை என்றால் அது என்னோடு போகாது. இந்த வட்டாரத்துத் தீப்பெட்டிப் பண்டல், கடலைமிட்டாய்ப் பெட்டி, வத்தல் சாக்கு எல்லாவற்றையும் அங்கே நிறுத்தி வைத்துப் பிரிப்பார்கள். இருபது பேரை வைத்து ஆலை நடத்துகிறவன் எத்தனை நாள் தாங்குவான்? எல்லாம் ஒரு கைக்குட்டையை நம்பியதால். எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

மறுநாள் எட்டயபுரம் வழியாகப் பஸ் பிடித்து நாகலாபுரம் போனேன். அண்ணாச்சிக்கு மல்லி போட்டவர்கள் என்று அவர் கொடுத்த பட்டியலில் முதல் பேர் வெங்கடம்மா. ஊருக்கு வெளியே காட்டில் இருந்தாள். அறுவடை முடிந்த நிலம், மல்லித் தாள் இன்னும் கிடந்தது. வீட்டில் மிச்சம் வைத்திருந்த மல்லியை ஒரு சொளகில் கொண்டுவந்து காட்டினாள். உருண்டை.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"இது எங்க விதை இல்லம்மா. விதை ஏது? ரெண்டு வருசம் மழை இல்ல. விதைக்கு வச்சிருந்ததையும் வித்துத் தின்னாச்சு. அண்ணாச்சி கடையில கொழம்புக்கு விக்குற மல்லி இருக்குல்லா, வெளிநாட்டு மல்லி, அதைத்தான் வாங்கியாந்து செருப்பால தேச்சு ரெண்டா ஒடச்சு வெதச்சோம். மொளைக்குமான்னு பயந்துக்கிட்டே கெடந்தோம். மொளச்சிட்டு."

அவள் கணவர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். "சொன்னா என்ன? வெதச்சது குத்தமா?" என்று அவள் எனக்கும் கேட்கும்படி தமிழிலேயே பதில் சொன்னாள்.

குற்றமே இல்லை. விதை எங்கிருந்து வந்தாலும், எந்த மண்ணில் விளைந்து அறுக்கப்படுகிறதோ அந்த நாட்டுப் பொருள்தான் அது. விதியில் அப்படியே இருக்கிறது. குழம்புக்கு வாங்கிய மல்லியை எடுத்து விதைக்கிற யோசனை வேறு எந்த ஊர்க்காரனுக்கு வரும்? எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அவள் கையால் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தேன். இரண்டு நாளில் அன்றுதான் ஏதோ தொண்டையில் இறங்கியது.

பிறகு வீடு வீடாகப் போய் யார் எத்தனை மூட்டை போட்டார்கள் என்று குறித்தேன். வெங்கடம்மா பதினெட்டு. அவள் கொழுந்தனார் இருபத்தி நாலு. இப்படிப் பட்டியலில் இருந்த பதினோரு வீடு. எண்கள் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. கடைசியில் கோடும் போட்டேன். அப்போது பஸ் வந்துவிடும் என்று தோன்ற, நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் பஸ் வந்தது.

நடந்ததை விவரமாக எழுதிப் பதில் அனுப்பினோம். எழுதிய கதையைப் படித்துப் பார்த்தால் எனக்கே நம்பும்படி இல்லை. கொழும்பிலிருந்து வந்த மறுபதில் என் நிம்மதியைக் கெடுத்தது. உடன்படிக்கையில் உள்ளபடி தங்கள் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்றிருந்தது.

வந்தவர் பேர் தவராசா. சொந்த ஊர் யாழ்ப்பாணம், வேலை கொழும்பில். என் வயதுதான் இருக்கும். மதுரையில் விமானம் இறங்கி நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், சிரித்த முகம். அந்தச் சிரிப்பு எனக்கு மேலும் கலக்கத்தைக் கொடுத்தது. கோப்பைக் கேட்டார். கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் உறையைத் திறந்து கறுத்த துணியை வெளியே எடுத்தார்.

"இதென்ன அம்மா, லேஞ்சி?"

அவர்கள் ஊரில் கைக்குட்டைக்கு அதுதான் பேர் போல. நான் வாய் குழறி விளக்கினேன். அரசாங்கக் கோப்பில் அழுக்குத் துணியைக் குத்தி வைத்த உலகத்தின் ஒரே அதிகாரி நானாகத்தான் இருப்பேன். சேவியர் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கெட்டித்தனம்தான். ஆனா இதை நான் எங்கட அறிக்கையில என்னெண்டு எழுதுறது?" என்றார் தவராசா. கேலியா, பாராட்டா என்று தெரியவில்லை.

மத்தியானம் நாகலாபுரம் கூட்டிப்போனோம். முந்தின நாள் தூறியிருந்தது. கரிசல் அவர் சப்பாத்தில் அப்பி அப்பி, காட்டின் நடுவில் போவதற்குள் ஒவ்வொரு காலும் பனங்காய் அளவுக்கு ஆகிவிட்டது. வெங்கடம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "கழத்திக் கையில எடுத்துக்கோங்க சார். இந்த மண்ணு ஆளை விடாது." அவர் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். அவள் வீட்டு மல்லியில் ஒரு பிடி வாங்கி, தன் கைக்குட்டையை நனைத்துக் கசக்கிப் பார்த்தார். கறுத்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை நான் நம்புறன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் அவரை விடுதியில் விட்டுவிட்டு வரும் வழியில் சங்கரலிங்கம் அண்ணாச்சி கிட்டங்கிக்குப் போனேன். நல்ல செய்தி சொல்லத்தான் போனேன். களத்தில் பெண்கள் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"காட்டைப் பாத்தாச்சுல்லா மேடம்? இனி ஒண்ணும் கேக்க மாட்டாருல்ல?"

"இனிக் கேக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நாப்பது மூட்டை" என்றார்.

"என்ன நாப்பது மூட்டை?"

"கப்பல் தேதி நெருக்கிட்டு மேடம். காட்டுச் சரக்கு இருநூத்திப் பத்துக்கு மேல தேறல. மூட்டை குறைஞ்சா ஆர்டரே போயிரும். துறைமுகத்துல வந்து கெடந்ததுல நாப்பது வாங்கி, இந்தக் களத்துலதான் கொட்டி அள்ளுனோம். மண்ணு ஒட்டிக்கிட்டு. அதுவும் மல்லிதான மேடம். கொழும்புக்காரவ நேரா வாங்குனா தீர்வை, எங்கிட்ட வாங்குனா இல்ல. அம்புட்டுத்தான வித்தியாசம்."

"அந்த அம்புட்டுக்குத்தான் அண்ணாச்சி எனக்குச் சம்பளம்."

கைக்குட்டை ஏன் கறுத்தது என்று அப்போது புரிந்தது. அந்தக் களத்தில் எந்த ஊர் மல்லியைக் கொட்டினாலும் கறுக்கும்.

"நீங்க வாயத் தொறக்கலன்னா ஒண்ணுமில்ல. அவரு நாளைக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாரு. வெளியில பாருங்க, இருபது பொம்பளையாளு. அவிய பொழப்பையும் நெனச்சுக்கோங்க. நான் ஒண்ணும் கள்ளக்கடத்தல்காரன் இல்லம்மா" என்றார். கடைசியில் மேடம் போய் அம்மா ஆகிவிட்டது. அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை சீக்கிரமே போய்ச் சேவியர் சாரிடம் சொன்னேன். பேனாவுக்கு மூடியைப் போட்டார். சொல்லாதே என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் ஏங்கியது உண்மை. மேலதிகாரி சொன்னார் என்று இருந்துவிடலாமே.

"கையெழுத்து யாருது?" என்றார்.

"என்னுது சார்."

"அப்ப நீங்கதான் சொல்லணும். இல்ல, சொல்லாம இருக்கணும். எது செஞ்சாலும் நான் பக்கத்துல உக்காந்துருப்பேன்."

பத்தரை மணிக்குத் தவராசா வந்தார். ஊர் கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் அவருக்காக வாங்கி வைத்திருந்தேன். ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"நல்லது அம்மா. இதோட முடிக்கலாம் எண்டு நினைக்கிறன். நீங்கள் வேற ஏதும் சொல்ல இருக்கோ?"

எல்லா விசாரணையிலும் கேட்கிற கேள்விதான். இல்லை என்று சொன்னால் முடிந்தது. கீழே பேட்டரிக் கடையில் யாரோ ஆட்டோவை ஸ்டார்ட் செய்து பார்க்கும் சத்தம். சேவியர் சார் தன் நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"இருக்கு சார்" என்றேன். "அதுல நாற்பது மூட்டை எங்க மண்ணுல விளையல. மிச்சம் விளைஞ்சது. நான் விசாரிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதிக்கொண்டார்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

அதையும் எழுதிக்கொண்டார். அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மணிபர்ஸிலிருந்து அட்டையை எடுத்து ஒத்துப் பார்க்காமல் நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். போகும்போது மிச்சக் கடலைமிட்டாயைப் பொட்டலத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டு, "போட்டு வாறன் அம்மா" என்றார்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அந்தச் சான்றிதழை ரத்து செய்தோம். அண்ணாச்சிக்குக் கொஞ்ச காலம் சான்றிதழ் தரக் கூடாது என்று உத்தரவு. கையெழுத்திடுவோர் பட்டியலிலிருந்து என் பேரை எடுத்தார்கள். கூட்டுக் குழு முடிவு செய்யும்வரை தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார், நான் அவருக்குப் படிவம் அடுக்கிக் கொடுத்தேன். பஜாரில் நடந்தால் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். "காட்டிக் குடுத்தவ" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுகையிலும் எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். கொழும்புக்காரர்கள் எங்கள் அலுவலகத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

மழைக்காலம் தொடங்கும்போது குழுவின் முடிவு வந்தது. எங்கள் அலுவலகத்துச் சான்றிதழ்களை வழக்கம்போல ஏற்கலாம். இனி விளைபொருளுக்கு விளைந்த நிலத்தைப் பார்த்த குறிப்பு கட்டாயம். இரண்டு நாட்டுக்கும் அதே விதி. என் பேரைத் திரும்பப் பட்டியலில் சேர்க்கத் தடையில்லை. சேவியர் சார் அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். நான் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு கேட்டேன்.

கடைசியில் தவராசாவின் அறிக்கையும் அதற்கு ஓர் இணைப்பும் இருந்தன. இணைப்பு, கொழும்பில் எல்லா மூட்டையையும் பிரித்துப் பார்த்த பரிசோதனைக் குறிப்பு. இருநூற்றுப் பத்து மூட்டையில் தாளும் தும்பும் மண் கட்டியும் கலந்திருந்தன. நாற்பது மூட்டையில் தூசி மட்டும் மேலாக ஒட்டியிருந்தது, தும்பு இல்லை. நாற்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருந்தார்கள். அடிக்கோல் இன்னும் ஒரு வரி இறங்கி, தேதியில் நின்றது. தவராசா கோவில்பட்டிக்கு வருவதற்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி.

சேவியர் சார் தேதியின் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தார். வெறுங்காலோடு காட்டில் நடந்தபோதும், கைக்குட்டையை நனைத்தபோதும், என் மிட்டாயைத் தின்றபோதும் அந்தக் காகிதம் அவர் பையில் இருந்திருக்கிறது. மல்லியைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள எதுவுமே பாக்கி இல்லை. நான் "இருக்கு சார்" என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தேன். இன்றும் அந்த நினைப்பு வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒரு வருடம் கழித்து மறுபடியும் படியேறி வந்தார். என்னிடம் பேசவில்லை, படிவத்தை மட்டும் வைத்தார். கூடவே பதினாறு வீட்டுப் பேர், நிலம், மூட்டைக் கணக்கு எல்லாம் எழுதிய தாள். நான் நாகலாபுரம் போய் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அப்போதும் பேசவில்லை. அவர் கடைசிவரை என்னிடம் பேசவே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இவ்வளவையும் எழுதி ஜெபாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் செய்தாள். கோபமாக இருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி உங்ககிட்டக் கேட்டாரே மேடம். அது தப்பில்லையா? உங்களுக்கு அவரு மேல கோவமே வரலையா?"

அலமாரியில் அந்த நாகலாபுரம் நோட்டு இன்னும் இருக்கிறது. போனைக் காதில் வைத்தபடியே எடுத்துப் பிரித்தேன். பதினோரு எண், கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இன்றுவரை ஒன்றும் எழுதவில்லை.

"வரல ஜெபா. நேத்து சாயங்காலம்தான் தெரியும்னு அவருகிட்டச் சொன்னேன் பாரு, அது பொய். கூட்டுனா இருநூத்தம்பது தேறாதுன்னு பதினோராவது வீட்டு வாசல்லயே எனக்குத் தெரிஞ்சுட்டு. தெரிஞ்சுதான் நோட்டை மூடுனேன்."